கரிசல் மண்ணிலிருந்து முதல் பேசும்படம் வரை: மதுரகவி பாஸ்கரதாஸ்

1/
கோவில்பட்டின்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? கடலைமிட்டாய். தீப்பெட்டி. வாசிக்கிற பழக்கம் இருந்தா கி.ராஜநாராயணன், கு.அழகிரிசாமி.

இன்னொரு பெயரையும் சேர்த்துக்கோங்க. தமிழின் முதல் பேசும்படத்துக்குப் பாட்டு எழுதியவர் இந்தக் கரிசல் காட்டுக்காரர்தான். மதுரகவி பாஸ்கரதாஸ்.

இன்றைய இழை அவரைப் பற்றி. கொஞ்சம் நீளம்தான். காபி எடுத்துட்டு வந்து உட்காருங்க.

2/
1931 அக்டோபர் 31. சென்னை கினிமா சென்ட்ரல் தியேட்டரில் 'காளிதாஸ்' வெளியானது. எச்.எம்.ரெட்டி இயக்கம். கதாநாயகி டி.பி.ராஜலட்சுமி. பம்பாயில் அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனி எடுத்த படம். அதே ஆண்டு மார்ச்சில்தான் அதே கம்பெனி இந்தியாவின் முதல் பேசும்படமான 'ஆலம் ஆரா'வை வெளியிட்டிருந்தது.

படத்தில் நாயகி தமிழில் பேசுவார், நாயகன் தெலுங்கில் பதில் சொல்வார். அதைக்கூட விடுங்க. மகாகவி காளிதாசர் கதை நடக்குது. நடுவுல காந்தியின் ராட்டையைப் புகழ்ந்து ஒரு பாட்டு!

3/
காளிதாசர் காலம் எங்கே, காந்தியின் ராட்டை எங்கே? ஆயிரத்து ஐந்நூறு வருஷ இடைவெளி. இன்னிக்கு ஒரு படத்துல இப்படி வந்தா மீம் போட்டே கொன்னுடுவோம்.

ஆனா அன்றைய ரசிகருக்கு அது விசித்திரமாகவே படல. பழகின விஷயம்தான். ஏன்னு புரியணும்னா சினிமாவுக்கு முன்னாடி இருந்த நாடக மேடைக்குப் போகணும். அதுக்கும் முன்னாடி அந்த மேடைக்குப் பாட்டு எழுதியவரின் ஊருக்குப் போகணும்.

4/
தூத்துக்குடி மாவட்டம், விளாத்திகுளம் வட்டம், நாகலாபுரம். பாஸ்கரதாஸ் பிறந்த ஊர் இது. வருஷம் 1892. இயற்பெயர் வெள்ளைச்சாமி.

மேப்பைத் திறந்து அந்த ஊரைச் சுத்திப் பாருங்க. பக்கத்துல எட்டயபுரம். பாஸ்கரதாசுக்குப் பத்து வருஷம் முன்னாடி அங்கே பாரதி பிறந்தார். இந்தப் பக்கம் விளாத்திகுளம். பெரிய சங்கீதக்காரர் விளாத்திகுளம் சுவாமிகளின் ஊர். மேற்கே போனா கழுகுமலை. அந்த முருகன் மேலதான் சென்னிகுளம் அண்ணாமலை ரெட்டியார் காவடிச்சிந்து பாடினார். பாடிட்டு முப்பது வயசைத் தொடாமலே போய்ச் சேர்ந்துட்டார். தெற்கே தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டி. தமிழ் நாடகத் தந்தை சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ல் பிறந்த ஊர்.

5/
வருஷம் பூரா ஓடுற ஆறு கிடையாது. வானம் பார்த்த பூமி. பருத்தி, கம்பு, சோளம். ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி விதைச்சு, தை, மாசியில் அறுத்து, பருத்தியையும் எடுத்து முடிச்சா அப்புறம் காட்டுல பெரிசா வேலை இருக்காது.

பங்குனியில இருந்து ஆடி வரைக்கும் கோயில் கொடை. கொடைன்னா நாடகம். ராத்திரி பத்து மணிக்கு ஆரம்பிச்சா விடிஞ்சுதான் முடியும். கட்டுச்சோறோட வண்டி கட்டிட்டு வருவாங்க. புழுதித் தரையில் சாக்கை விரிச்சு உட்காருவாங்க. பாஸ்கரதாஸ் பாட்டு எழுதியது இந்த ஜனங்களுக்காகத்தான்.

6/
அன்றைய நாடகத்துல 'ஸ்பெஷல் நாடகம்'னு ஒரு வகை உண்டு. இன்னிக்கும் மதுரை, புதுக்கோட்டை பக்கம் நடக்குது.

இதுல ஒரே கம்பெனி நடிகர்கள் கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊர், ஆர்மோனியக்காரர் வேற ஊர். தனித்தனியா பேசி வரவழைப்பாங்க. ஒத்திகை கிடையாது. சில சமயம் மேடையிலதான் ஒருத்தர ஒருத்தர் முதல்ல பார்ப்பாங்க.

அப்புறம் நாடகம் எப்படி நடக்கும்? 'வள்ளி திருமணம்', 'பவளக்கொடி' மாதிரி சங்கரதாஸ் சுவாமிகள் எழுதிய நாடகங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். எலும்புக்கூடு ஒண்ணு, அதுமேல சதை அவரவர் சொந்தம். தர்க்கம் பண்ணலாம், வசனம் சேர்க்கலாம், தன்கிட்ட இருக்கிற புதுப் பாட்டைப் பொருத்தமான இடத்துல எடுத்து விடலாம்.

7/
இந்தக் கடைசி வரி முக்கியம். புதுப் பாட்டுக்கு அந்த மேடையில் எப்பவும் இடம் இருந்தது. அதனால நடிகர்களுக்குப் புதுப் பாட்டு எழுதித் தர ஒரு ஆள் வேணும்.

அந்த ஆளாகத்தான் பாஸ்கரதாஸ் வளர்ந்தார். நடிகரின் குரலுக்கும் பாத்திரத்துக்கும் ஏற்ற மாதிரி பாட்டு எழுதிக் கொடுப்பார். பெரும்பாலும் ஏற்கெனவே ஜனங்களுக்குத் தெரிஞ்ச மெட்டு. கீர்த்தனை மெட்டு, இந்துஸ்தானி மெட்டு, பார்சி நாடக மெட்டு. மெட்டு பழசு, வார்த்தை புதுசு. ஒருமுறை கேட்டவன் மறுநாள் ஏர் ஓட்டிக்கிட்டே பாடுவான்.

8/
இங்கே ஒரு டாக்டராக ஒரு விஷயம் சொல்லணும்.

மைக் இல்லாத காலம். ஆயிரம் ரெண்டாயிரம் பேர் திறந்தவெளியில். கடைசி ஆளுக்கும் கேட்கணும். ஆம்பளை சாதாரணமாப் பேசும்போது குரல்நாண்கள் நொடிக்கு நூறிலிருந்து நூற்றைம்பது தடவை அதிரும். மேடையில் அஞ்சு கட்டையில் எடுத்துப் பாடும்போது அது மூணு நாலு மடங்காகும். அதுவும் ராத்திரி முழுக்க.

குரலின் சக்தி முழுக்க உயிரெழுத்துலதான் இருக்கு. க், ட், ப் எல்லாம் காத்தை அடைச்சு விடுற ஒலி, தூரம் போகாது. ஆ, ஓ, ஏ மாதிரி வாயைத் திறந்து நீட்டுற நெடில்தான் கடைசி வரிசைக்குப் போகும். நாடகப் பாட்டுல வரிக்கு வரி விளியும் நெடிலும் நிறைஞ்சிருப்பதைப் பார்த்து 'அலங்காரம்'னு நினைக்காதீங்க. அதுதான் அன்றைய ஒலிபெருக்கி.

9/
இப்ப சட்டத்துக்கு வருவோம்.

1875 கடைசியில் வேல்ஸ் இளவரசர் கல்கத்தா வந்தார். ஒரு வக்கீல் அவரைத் தன் வீட்டு அந்தப்புரத்துக்கே அழைச்சு வரவேற்பு கொடுத்தார். அந்த வக்கீலைக் கிண்டல் பண்ணி கல்கத்தாவில் நாடகம் போட்டாங்க. அரசாங்கத்துக்குக் கோபம். 1876-ல் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் வந்தது. ராஜத்துரோகம், அவதூறு, ஆபாசம்னு அதிகாரிக்குத் தோணினா நாடகத்தைத் தடை பண்ணலாம். என்ன நாடகம், என்ன கதைன்னு முன்கூட்டியே விவரம் கேட்கலாம். மீறினா மூணு மாசம் வரை சிறை.

சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தச் சட்டம் புத்தகத்தில் கிடந்தது. 2018-ல்தான் நீக்கினாங்க.

10/
சரி, இந்தச் சட்டம் ஸ்பெஷல் நாடகத்தை என்ன பண்ணும்?

போலீஸ்: "இன்னிக்கு என்ன நாடகம்?"
"வள்ளி திருமணம் சாமி."
"கதை?"
"முருகன் வள்ளியைக் கல்யாணம் பண்றது."

இதுல எங்கே இருக்கு ராஜத்துரோகம்? நாடகத்தைத் தடை பண்ண முடியாது. ஆனா நடுராத்திரி தினைப்புனத்துல வள்ளி பறவை ஓட்டிக்கிட்டு இருக்கிற காட்சி வரும். முருகன் வேடத்தில் வந்தவர் வள்ளிக்கு ஒரு வெள்ளைக் கொக்கைக் காட்டிப் பாடுவார். அந்த வெள்ளைக் கொக்கு யாருன்னு புழுதியில் உட்கார்ந்திருக்கிற கடைசி ஆளுக்கும் தெரியும். மேடை ஓரம் நிற்கிற போலீஸ்காரருக்கும் தெரியும்.

அந்தக் கொக்குப் பாட்டு பாஸ்கரதாஸ் எழுதியது.

11/
உலகத்துல எங்கெல்லாம் மேடைக்குக் கட்டுப்பாடு இருந்ததோ அங்கெல்லாம் பாட்டு எழுதுறவங்க இப்படி ஒரு சந்து கண்டுபிடிச்சிருக்காங்க.

இங்கிலாந்திலேயே பாருங்க. அங்கே 1737-ல் இருந்து 1968 வரைக்கும் அரண்மனை அதிகாரியான லார்ட் சேம்பர்லினிடம் அனுமதி வாங்காம புது நாடகம் போட முடியாது. அந்தக் காலத்தில்தான் டபிள்யூ.எஸ்.கில்பர்ட் பாட்டு எழுதினார். ஆர்தர் சல்லிவன் இசை. 1885-ல் இவங்க போட்ட 'மிகாடோ' ஜப்பானில் நடக்கிற கதை. உண்மையில் கிண்டல் முழுக்க இங்கிலாந்து அதிகாரிகள் மேலதான். 'ஜப்பான்'னு பெயர் போட்டுட்டா யாரும் கேட்க முடியாதே!

12/
1907-ல் நிஜமாவே ஜப்பான் இளவரசர் ஒருவர் லண்டன் வந்தார். அவர் மனசு புண்படும்னு சில வாரங்கள் 'மிகாடோ'வுக்குத் தடை போட்டாங்க. அதே வருஷம் கில்பர்ட்டுக்கு 'சர்' பட்டமும் கொடுத்தாங்க!

அவர் ஜப்பானை வச்சு லண்டனைப் பாடினார். நம்மாளு தினைப்புனத்தை வச்சு டில்லியைப் பாடினார். தொழில் ஒண்ணுதான். கில்பர்ட்டுக்குக் கிடைச்சது பட்டமும் லாபத்தில் சரிபங்கும். நம்ம ஊரில் அப்படிப் பாடினா என்ன கிடைக்கும்னு அடுத்து பார்ப்போம்.

13/
முதல்ல ஒரு கணக்கு. 1931 கணக்கெடுப்பில் சென்னை மாகாணத்தில் எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க ஏறத்தாழ நூத்துக்குப் பத்துப் பேர். பத்திரிகையும் புத்தகமும் மீதி தொண்ணூறு பேருக்குப் போகாது.

அதோட புத்தகத்தைப் பறிக்கலாம். 1928-ல் பாரதியின் பாட்டுப் புத்தகங்களைச் சென்னை அரசாங்கம் பறிமுதல் பண்ணுச்சு. சட்டசபை வரைக்கும் அது பிரச்சினையாச்சு.

ஆனா நாகலாபுரத்துல ஒரு ஆள் வாய்க்குள்ள இருக்கிற பாட்டை எந்த போலீஸ் பறிக்க முடியும்? ஜாலியன்வாலாபாக் படுகொலை, கதர், கள்ளுக்கடை மறியல், காந்தி கைது, எல்லாச் செய்தியும் இந்த மேடைப் பாட்டு வழியாத்தான் படிக்காத ஊருக்குப் போய்ச் சேர்ந்தது.

14/
பாட்டைப் பறிக்க முடியாது. பாடுறவரைப் பிடிக்கலாமே?

எஸ்.எஸ்.விசுவநாததாஸ். 1886-ல் சிவகாசியில் பிறந்தவர். முருகன் வேடத்தில் அன்றைக்குப் பெரிய நட்சத்திரம். பாஸ்கரதாசின் பாட்டுகளை ஊர் ஊராக் கொண்டுபோன குரல் இவருடையது. பாடுவார், கைதாவார். வெளியே வருவார், அடுத்த ஊரில் அதே பாட்டைப் பாடுவார். மறுபடி கைது. எத்தனையோ தடவை. கைதாகும்போது பல நேரம் முகத்தில் அரிதாரம்கூட கலைஞ்சிருக்காது.

15/
விசுவநாததாஸ் பிறந்தது முடிதிருத்தும் தொழில் செய்த சமூகத்தில். அந்தச் சமூகத்துக்குத் தமிழில் என்ன பெயர் தெரியுமா? மருத்துவர்.

காரணம் இருக்கு. கட்டி கீறுறது, காயத்துக்குக் கட்டுப்போடுறது அந்த வீட்டு ஆம்பளைங்க வேலை. பிரசவம் பார்க்கிறது அந்த வீட்டுப் பெண்கள் வேலை. நம்ம கிராமங்கள்ல தலைமுறை தலைமுறையா பிள்ளைகளை உலகத்துக்குக் கொண்டுவந்த கைகள் அவங்க கைகள். லண்டனிலும் இதே கதைதான். முடிதிருத்துறவங்களும் அறுவை வைத்தியர்களும் 1540 முதல் 1745 வரை ஒரே சங்கத்தில் இருந்தாங்க. அங்கே அறுவை வைத்தியர் பிரிஞ்சு போய்க் கௌரவமானவர் ஆயிட்டார். இங்கே 'மருத்துவர்'ங்கிற பெயரை மட்டும் நாங்க எடுத்துக்கிட்டோம். எங்க வீட்டு வாசலில் அந்தப் பெயர்தான் பலகையா தொங்குது.

16/
அப்பேர்ப்பட்ட நடிகருக்கு ஜோடியா வள்ளி வேடம் போட மாட்டோம்னு சில நடிகைகள் மறுத்தாங்க. காரணம் நடிப்போ குரலோ இல்லை. சாதி. மேடையில் முருகனாக நிற்பவரை ஆயிரம் பேர் கையெடுத்துக் கும்பிடுவாங்க. மேடைக்குப் பின்னாடி வேற கணக்கு.

வெள்ளைக்காரனை விரட்டுற பாட்டைப் பாடிக்கிட்டு இருந்தவர் ஒரே நேரத்துல ரெண்டு அதிகாரத்தோட மோதினார். ஒண்ணு சட்டத்துல இருந்தது, இன்னொண்ணு ஒப்பனை அறையில் இருந்தது. பாஸ்கரதாஸ் தன் பாட்டுகளை நம்பிக் கொடுத்தது இவருடைய குரலிடம்தான்.

17/
1940 டிசம்பர் 31. சென்னை ராயல் தியேட்டர். 'வள்ளி திருமணம்'. மயில் வாகனத்தில் முருகனாக உட்கார்ந்து பாடிக்கொண்டு இருக்கும்போதே விசுவநாததாஸின் உயிர் பிரிந்தது. வயது 54.

பாடினவர் சிறை போனார், மேடையிலேயே செத்தார். அதனால அந்தப் பாட்டு அவர் பாட்டாகவே ஜனங்க மனசுல நின்னுடுச்சு. அது நியாயம்தான். பாட்டுக்கான விலையைக் கட்டியவர் அவர்.

18/
இன்னொரு குரல் கே.பி.சுந்தராம்பாள். காந்தியை ஏழைத் துறவியாகப் பாடும் அவருடைய புகழ்பெற்ற பாட்டும் பாஸ்கரதாஸ் எழுதியதுதான். அது கிராமபோன் தட்டு வழியா பரவியது.

கிராமபோன் வந்ததும் பாட்டு எழுதுறவருக்குப் புதுச் சிக்கல். மேடையில் ஒரே பாட்டை அரைமணி நேரம் இழுக்கலாம். ரசிகர் 'ஒன்ஸ்மோர்' கேட்டா மறுபடி பாடலாம். 78 சுழற்சித் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூணு நிமிஷம் சொச்சம்தான். சொல்ல வந்ததைச் சுருக்கிச் சொல்லணும். இன்னிக்கு சினிமாப் பாட்டு நாலு நிமிஷத்துல முடியுதே, அந்தப் பழக்கத்தின் ஆரம்பம் இந்தத் தட்டுதான்.

19/
இப்ப 3-ஆம் பதிவுல விட்ட கேள்விக்கு வாங்க. காளிதாசர் கதையில் காந்தியின் ராட்டை எப்படி வந்துச்சு?

பதில் உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். ராஜலட்சுமியும் மேடையிலிருந்து வந்தவர். பாஸ்கரதாஸும் மேடையிலிருந்து வந்தவர். வள்ளி கதையில் வெள்ளைக் கொக்கு வரலாம்னா காளிதாசர் கதையில் ராட்டை வரக்கூடாதா? ஸ்பெஷல் நாடகத்தின் பழக்கம் அப்படியே கேமரா முன்னாடி போய் நின்னுச்சு. தமிழ் சினிமா வாய் திறந்து பேசின முதல் நாளிலேயே அரசியல் பாடிடுச்சு. அந்தப் பாட்டு கரிசல் காட்டுக் கொடை மேடையில் பழகிய பாட்டு.

20/
1967-ல் தொடங்கி இந்த மாநிலத்தை ஆண்டவர்களில் சினிமாவிலிருந்து வந்தவர்கள் எத்தனை பேர்னு உங்களுக்குத் தெரியும். 'சினிமாவும் அரசியலும் ஏன் தமிழ்நாட்டுல இப்படிப் பின்னிக் கிடக்கு?'ன்னு வெளிமாநில நண்பர்கள் கேட்பாங்க. பலரும் 1950-களில் இருந்து கதையை ஆரம்பிப்பாங்க. அதுக்கு முன்னாடியே ஒரு அத்தியாயம் இருக்கு. அதை எழுதியவர்களில் ஒருவர் நாகலாபுரத்துக்காரர்.

21/
அப்புறம் ஏன் பெயர் மறந்து போச்சு?

ஒண்ணு, 'காளிதாஸ்' படத்தின் பிரதி இன்னிக்கு எங்கேயும் இல்லை. முதல் படத்தையே தொலைச்சுட்டு உட்கார்ந்திருக்கோம்.

ரெண்டு, 1934-ல் 'சீதா கல்யாணம்' மூலமா பாபநாசம் சிவன் சினிமாவுக்கு வந்தார். கர்நாடக இசையில் ஊறிய பெரும் மேதை. சினிமாப் பாட்டின் திசையே மாறியது.

மூணு, மேடைப் பாட்டு யார் பாடினாரோ அவர் பெயரில்தான் உலவும். நாலணா பாட்டுப் புத்தகத்தில் அச்சான ஆசிரியர் பெயர், கிழிஞ்ச அட்டையோட போயிடும். பாட்டு மட்டும் 'பழைய நாடகப் பாட்டு' ஆகி நிற்கும்.

22/
கில்பர்ட் பெயர் அப்படிப் போகல. ஏன்? ஒப்பந்தம் இருந்தது. அவர், சல்லிவன், தியேட்டர் முதலாளி டாய்லி கார்ட், மூணு பேருக்கும் லாபத்தில் சரிபங்கு. 1890-ல் தியேட்டருக்கு வாங்கிய கம்பளச் செலவை நம்ம கணக்கில் ஏன் எழுதினேன்னு கில்பர்ட் சண்டை போட்டுக் கோர்ட்டுக்கே போனார். கஞ்சத்தனம்னு சிரிக்கலாம். ஆனா பாட்டு எழுதுறவனும் ஒரு பங்காளிங்கிற எண்ணம் அதில் இருக்கு.

நம்ம நாட்டுல பாடலாசிரியரிடமிருந்து ராயல்டி உரிமையை மொத்தமா எழுதி வாங்க முடியாதபடி சட்டம் திருத்தியது 2012-ல். முதல் பேசும்படம் வந்து 81 வருஷம் கழிச்சு.

23/
பாஸ்கரதாஸ் 1952-ல் காலமானார். ஒரு நல்ல காரியம் பண்ணிட்டுப் போனார். முப்பது வருஷத்துக்கும் மேல டைரி எழுதினார். நாடகம், கிராமபோன், சினிமா மூணையும் உள்ளே இருந்து பார்த்த ஒருவரின் நாட்குறிப்பு.

அதைத் தொகுத்துப் புத்தகமாகக் கொண்டுவந்தவர் அவருடைய பேரன், 'மணல் மகுடி' நாடகக் குழுவின் முருகபூபதி. எழுத்தாளர்கள் ச.தமிழ்ச்செல்வனும் கோணங்கியும் இன்னும் ரெண்டு பேரன்கள். கோவில்பட்டியோட இலக்கியச் சரித்திரத்துல இந்த வீட்டுக்கு ஒரு தனி வரி உண்டு. தாத்தா கொட்டகையில் தொடங்கியது பேரன் நாடகத்தில் இன்னும் நடக்குது.

24/
கடைசியா உங்ககிட்ட ஒரு வேண்டுகோள்.

வீட்டில் எண்பது தொண்ணூறு வயசுல தாத்தா பாட்டி இருக்காங்களா? அவங்களுக்கு ஏதாவது நாடகப் பாட்டு ஞாபகம் இருக்கான்னு கேளுங்க. நேத்து சாப்பிட்டது மறந்து போன முதியவர்கூட சின்ன வயசுப் பாட்டை வரி தப்பாம பாடுவதைப் பார்க்கலாம். மறதி நோய் வந்தவங்களிடமும் பழைய பாட்டு ரொம்ப நாள் தங்கியிருக்கும். பாடச் சொல்லி செல்போனில் பதிவு பண்ணுங்க. யார் பாடிக் கேட்டாங்க, எந்த ஊர் கொடையில் கேட்டாங்க, எழுதினது யாருன்னு தெரியுமான்னு மூணு கேள்வி சேர்த்துக் கேளுங்க.

மூணாவது கேள்விக்கு என்ன பதில் வருதோ அதைக் கீழே எழுதுங்க. பாட்டையும் போடுங்க. நான் எல்லாத்தையும் கேட்கிறேன்.